மறைவில் காத்த விளக்கு

திருவனந்தபுரம் நகரின் நடுவே பாளையம் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே கணபதி கோவிலும், ஜும்மா மசூதியும், புனித சூசையப்பர் பேராலயமும் ஒன்றையொன்று நோக்கினாற்போல் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஒன்றில் மணி ஒலிக்கும். ஒன்றில் பாங்கு எழும். மற்றொன்றில் பூசைக்கு அழைக்கும் மணி அடிக்கும். வழிபாடு என்றால் அதற்கு ஓசையும் ஒளியும் கூட்டமும் உண்டு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால், இப்படி வாய்விட்டு வழிபடும் உரிமை எல்லாருக்கும் எக்காலத்தும் வாய்த்ததன்று. மணியடிக்க அஞ்சி, விளக்கின் ஒளி வெளியே தெரியாதவாறு கதவை அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் கூடி வழிபட்ட மக்களும் இருந்தனர். தமிழ் பேசும் கிறிஸ்தவர்களிடையேயும் அத்தகையோர் இருந்தனர். ஈழத்தின் வடபகுதியில் நூற்றைம்பது ஆண்டுகள் அவர்கள் அவ்வாறு வாழ்ந்தார்கள். பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலும் அத்தகைய ஒரு காலம் சிறிது நிலவியது. அவர்கள் விட்டுச்சென்ற நினைவிடங்கள் எவை, அவற்றை நாம் எவ்வாறு பார்க்கவேண்டும் என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

கதை திருவனந்தபுரத்துக் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறது. 1542ஆம் ஆண்டு கோவாவுக்கு வந்து சேர்ந்த அர்ச்சியசிஷ்ட பிரான்சிஸ் சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ளோரின் துணைகொண்டு விசுவாசப் பிரமாணம் முதலிய ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். 1544ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் வாழ்ந்த முக்குவ மக்களிடையே பணியாற்றி, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அரசனின் இசைவும் அதற்கு இருந்தது. ஆகவே இங்கே மறைவு என்பதற்கு அப்போது தேவை எழவில்லை.

சவேரியாரின் திருப்பணி வேறு இரண்டு நாடுகளையும் தொட்டது. ஒன்று ஜப்பான். 1549ஆம் ஆண்டில் அவர் ககோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். அவர் நட்ட நாற்று விரைவில் தழைத்தது. ஆனால் 1614இல் ஜப்பானிய ஆட்சி அச்சமயத்தை நாடு முழுவதும் தடை செய்தது. பிறகு இரண்டரை நூற்றாண்டுக் காலம் நாகசாகிப் பகுதியின் உழவரும் மீனவரும், வெளியே பௌத்தர்களாகத் தோன்றி, உள்ளே கிறிஸ்தவர்களாக வாழ்ந்தனர். கன்னன் என்னும் பௌத்தக் கருணைத் தேவியின் உருவத்தை முன்வைத்து மரியன்னையை வணங்கினர். குருமார் இல்லாமையால் குடும்பத் தலைவர்களே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் சில கிராமத்தார் ஒரு பிரெஞ்சுக் குருவை அணுகித் தாங்களும் அதே நெஞ்சம் உடையவர்களே என்று மெல்லச் சொன்னபோதுதான் உலகம் அவர்களை அறிந்தது. 1873இல் தடை நீங்கியது. அவர்கள் வாழ்ந்த ஊர்களும் தீவுகளும் அடங்கிய பன்னிரண்டு இடங்களை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சவேரியாரின் பணி தொட்ட மற்றொரு நாடு ஈழம். ஜப்பானின் கதையை இன்று உலகம் அறியும். அதையொத்த கதை ஒன்று தமிழிலும் உண்டு என்பதைத் தமிழரிலேயே பலர் அறியார்.

1544ஆம் ஆண்டில் சவேரியார் அனுப்பிய ஒரு குருவின் கையால் மன்னார்த் தீவில் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாண அரசன் சங்கிலி அவர்களைக் கொன்றான். இறந்தோர் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் என்பது திருச்சபை மரபு. பின்னர் போர்ச்சுகீசியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஆண்ட காலத்தில் கத்தோலிக்க சமயம் அரசின் ஆதரவோடு பரவிற்று; ஊர்தோறும் கோவில்கள் எழுந்தன. அரசின் துணையால் வந்த பெருமை அரசு மாறியபோது போயிற்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், மன்னாரையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்தனர்.

ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே, ஆயினும் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரைப் போர்ச்சுகல் அரசின் ஒற்றர் என்றே அவர்கள் கருதினர். ஆகவே அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. கத்தோலிக்கர் கட்டிய கோவில்கள் ஒல்லாந்தரின் சபைக்கும் பள்ளிகளுக்கும் உரியனவாயின. சொரூபங்கள் அகற்றப்பட்டன. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பிலிப்பு பால்தேயு என்னும் ஒல்லாந்தப் போதகர், 1672இல் படங்களுடன் வெளியிட்ட தம் நூலில் அவ்வூர்க் கோவில்களை விரிவாக வருணித்திருக்கிறார். எந்தக் கோவில்களை இழந்து மக்கள் இருட்டுக்குள் சென்றனரோ, அவற்றின் தோற்றத்தை நமக்குக் காட்டுபவர் அவற்றை எடுத்துக்கொண்டவர்களின் போதகரே என்பது வரலாற்றின் விந்தை.

ஆணையைக் காட்டிலும் வலிமை வாய்ந்த கருவி ஒன்று ஒல்லாந்தரிடம் இருந்தது. அது தோம்பு. பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதப்பட்டன. அங்கே பெயர் ஏறினால்தான் திருமணம் செல்லும், பிள்ளைக்கு முதுசொம் கிடைக்கும், உத்தியோகமும் கிடைக்கும். ஆகவே பகலில் பிள்ளையை ஒல்லாந்தரின் கோவிலுக்கு எடுத்துச் சென்று பெயரைப் பதிவதும், இரவில் வீட்டின் உள்ளறையில் ஜெபமாலை சொல்வதுமாகப் பலர் இரட்டை வாழ்வு வாழ்ந்தனர். இதைக் கோழைத்தனம் என்று எண்ணுவது எளிது. ஆனால் நிலத்தையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, வாள் முனையில் வாழ்ந்த ஏழைக் குடியானவனின் நிலையில் நின்று பார்த்தால், நம்பிக்கையைத் துறக்காமல் உயிரையும் காத்துக்கொள்ள அவனுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்வி எழும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்களுக்குக் குருமாரே இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. அவர்களிடம் எஞ்சியவை பாட்டிமார் வாயில் இருந்த தமிழ் ஜெபங்கள், தலையணைக்கு அடியில் இருந்த ஜெபமாலை, இன்ன நாள் இன்ன திருநாள் என்னும் நினைவு ஆகியவையே.

இந்நிலையில் 1687ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து கடலைக் கடந்து ஒருவர் யாழ்ப்பாணம் வந்தார். கிழிந்த உடையும் மெலிந்த மேனியும் கொண்ட பிச்சைக்காரராகவே அவரை ஊரார் கண்டனர். உண்மையில் அவர் கோவா நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரில் 1651இல் பிறந்த குரு சூசை வாஸ். தம்மோடு யோவான் என்னும் பணியாளர் ஒருவரை அழைத்துவந்திருந்தார். கழுத்தில் ஜெபமாலையை வெளிப்படையாக அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். ஜெபமாலையைக் கண்டு யாருடைய முகம் மலர்கிறது, யாருடைய முகம் சுளிக்கிறது என்று கவனித்தார். மலர்ந்த முகங்களைக் கொண்டே கத்தோலிக்க வீடுகளை அடையாளம் கண்டார் என்று அவர் சரித்திரம் கூறுகிறது. யாழ்ப்பாணத்திற்கு மேற்கேயுள்ள சில்லாலை என்னும் ஊர் அவருக்குப் புகலிடம் தந்தது. பகலில் மறைந்திருந்து, இரவில் ஊர்விட்டு ஊர் சென்று பூசை நிறைவேற்றினார்.

நெடுநாள் இது மறைந்திருக்கவில்லை. ஒல்லாந்தரின் சோதனைகள் கடுமையாயின; பிடிபட்ட கத்தோலிக்கர் தண்டனைக்கு உள்ளாயினர். 1690இல் வாஸ் அடிகள் புத்தளத்திற்குச் சென்றார். 1692இல் கண்டி இராச்சியத்திற்குள் நுழைந்தபோது போர்ச்சுகீசிய ஒற்றர் என்ற ஐயத்தால் சிறை வைக்கப்பட்டார். ஆனால் கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவருடைய தூய வாழ்வை உணர்ந்து, தன் நாட்டில் வெளிப்படையாகப் பணி செய்ய அனுமதி தந்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி உறவினரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர்களைத் தேடிச் சென்று கழுவித் துடைத்துக் காப்பாற்றியவர் இவரே. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

இங்கே நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிறிஸ்தவரைத் துன்புறுத்தியவர் கிறிஸ்தவர். அவர்களுக்கு நிழல் தந்தவன் பௌத்த அரசன். கொடுமையும் கருணையும் எந்த ஒரு சமயத்தின் தனிச்சொத்தும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

வாஸ் அடிகளின் பெருந்தொண்டு பூசை நிறைவேற்றியதோடு முடியவில்லை. தாம் இல்லாத நாளிலும் வழிபாடு நிற்காதபடி ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமைத்தார். மூப்பர் ஊர்ச் சபையைக் கட்டிக்காப்பவர். அண்ணாவியார் ஜெபமும் மறைக்கல்வியும் கற்பிப்பவர். இவர்கள் குருமார் அல்லர். உழுதும் மீன்பிடித்தும் பிழைத்த இல்லறத்தார். 1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், இவர்கள் கையில் கொடுப்பதற்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். குரு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும், ஏடும் அண்ணாவியாரும் இருந்தால் ஊர் நிலைத்தது.

இக்காலத்தின் நினைவிடங்களுள் தலையாயது மடுமாதா ஆலயம். மன்னாருக்கு எதிர்க்கரையில் உள்ள மாந்தையில் மரியன்னையின் சொரூபம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தரின் கெடுபிடி தாங்காமல் 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பத்தார் அந்தச் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று, மருதமடு என்னும் இடத்தில் வைத்து வணங்கினர் என்பது மரபு. யானையும் பாம்பும் திரியும் அடர்காட்டில் ஒரு சிறு குடிசையே கோவில். இன்றும் அவ்விடத்து மண்ணைப் பாம்புக்கடிக்கு மருந்தாக எடுத்துச் செல்லும் வழக்கம் இருக்கிறது. காட்டில் ஒளிந்தவர்களுக்கு எது பெரிய அச்சமாக இருந்தது என்பதை அந்த நம்பிக்கையே சொல்லிவிடுகிறது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில், உள்நாட்டுப் போரின் நடுவே, அதே சொரூபத்தைக் குருமார் மீண்டும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டி என்னும் கடற்கரை ஊருக்குச் செல்ல நேர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் அது மடுவுக்குத் திரும்பியது. முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சொரூபத்திற்கு அடைக்கலம் தேடவேண்டியதாயிற்று.

1796இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரின் நிலப்பகுதிகளைப் பிடித்தனர். 1806 மே மாதம் ஆளுநர் மெயிட்லண்டு கத்தோலிக்கருக்கு இருந்த தடைகளை நீக்கினார். இருட்டில் வளர்ந்த சபை அப்போது வெளிச்சத்திற்கு வந்தது. தோம்பில் சீர்திருத்த சபையார் என்று எழுதப்பட்டிருந்த பெரும்பாலோர் அச்சபையை விட்டு விலகினர். பதிவேட்டில் எழுதப்பட்டது வேறு, நெஞ்சில் எழுதப்பட்டது வேறு என்பது தெளிவாயிற்று.

இனி மீண்டும் இக்கரைக்கு வருவோம். ஈழத்தில் கத்தோலிக்கரை ஒடுக்கிய அதே ஒல்லாந்தக் கம்பெனி 1741இல் ஈழத்திலிருந்து படையை அனுப்பித் திருவிதாங்கூரின் குளச்சல் கரையில் இறக்கியது. அரசர் மார்த்தாண்டவர்மர் அப்படையை முறியடித்தார். சிறைப்பட்டோருள் யூஸ்தாக்கியுஸ் தெலனாய் என்பவரும் ஒருவர். இன்றைய பிரான்சிலுள்ள அராஸ் நகரிற் பிறந்தவர். கம்பெனியோ சீர்திருத்த சபையைச் சார்ந்தது, தெலனாயோ கத்தோலிக்கர். தம் எசமானர்களின் நிலத்தில் வெளிப்படையாகப் பின்பற்ற இயலாத சமயத்தை உள்ளத்தில் வைத்திருந்த போர்வீரர் அவர். அவருடைய திறமையைக் கண்ட மார்த்தாண்டவர்மர் அவரையே தம் படைக்குப் பயிற்சி அளிக்க அமர்த்தினார். ‘வலிய கப்பித்தான்’ என்று புகழ்பெற்ற அவர் 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார்.

அப்போது தலைநகர் பத்மநாபபுரம். அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலிலும் அரண்மனைக் கருவூலத்திலும் பொறுப்பு வகித்தவர் நீலகண்டர். நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பிறந்தவர். கோட்டைப் பணிகளின் வழியாக இவருக்குத் தெலனாயோடு பழக்கம் ஏற்பட்டது. குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து மனம் வாடியிருந்த நீலகண்டருக்குத் தெலனாய், விவிலியத்தில் வரும் யோபு என்னும் நீதிமானின் கதையைச் சொல்லித் தேற்றினார் என்பர். எல்லாவற்றையும் இழந்தும் இறைவனைப் பழிக்காத யோபுவின் கதை நீலகண்டரின் நெஞ்சில் தைத்தது.

அவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். ஆனால் அரச ஊழியரும் உயர்குலத்தவருமான ஒருவர் திருவிதாங்கூர் எல்லைக்குள் அதைப் பெறுவது ஆபத்து. ஆகவே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளம் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே 1745 மே 14ஆம் நாள் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் தமிழாக்கமாகத் தேவசகாயம் என்று அழைக்கப்பட்டார். மனைவி பார்கவியும் அதே ஊரில் ஞானப்பூ என்னும் பெயரோடு அச்சமயத்தைத் தழுவினார். ஒரு நாட்டின் எல்லைக்கோடு நம்பிக்கைக்கு மதிலாகவும், அதன் அப்பக்கம் புகலிடமாகவும் அமைந்தது.

தேவசகாயம் தம் நம்பிக்கையை மறைத்து வைக்கவில்லை. எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், உடனிருந்து உண்டார். அக்காலச் சமூகத்திற்கு அது பொறுக்க இயலாத செயல். 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். சமயம் மாறியதற்காகவே தண்டிக்கப்பட்டாரா, அரசுக்கு எதிரான வேறு குற்றங்களும் சாட்டப்பட்டனவா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எருமைமீது பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், காயங்களில் மிளகாய்ப்பொடி தடவியதும் மக்கள் நினைவில் நிலைத்த செய்திகள்.

இடையில் 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மர் திருவனந்தபுரத்தில் தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கே அர்ப்பணித்துத் தாம் அவருடைய தாசராக இருந்து ஆள்வதாக உறுதி பூண்டார். திருப்படிதானம் எனப்படும் அந்த நிகழ்ச்சியை யாவரும் அறிவர். அதே ஆண்டுகளில்தான் பெருவிளையில், ஆராச்சார் எனப்பட்ட கொலைத் தண்டனை நிறைவேற்றுவோர் வாழ்ந்த ஊரில், தேவசகாயம் ஒரு வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்தார். அவரைக் காண மக்கள் வந்தனர். நாளடைவில் கூட்டம் பெருகிற்று. அதனால் அவர் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் நள்ளிரவில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் தேடிச் சென்று எஞ்சிய எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். கணவரை இழந்த ஞானப்பூ எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து 1766இல் காலமானார்.

இதே திருவிதாங்கூரின் மற்றொரு முகத்தையும் நாம் மறக்கலாகாது. தெலனாயும் அவரைச் சேர்ந்தோரும் வழிபட உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே ஆலயம் இருந்தது. கிறிஸ்தவரை அன்போடு நடத்தியமைக்காக 1774இல் போப்பாண்டவர் பதினான்காம் கிளெமென்ட் திருவிதாங்கூர் மன்னருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அயல்நாட்டுத் தளபதிக்குக் கோட்டைக்குள் கிடைத்த உரிமை உள்நாட்டு அதிகாரிக்குக் கிடைக்கவில்லை. அச்சம் கொள்ளப்பட்டது புதிய கடவுளைக் குறித்தன்று. சமூக அடுக்கு குலைந்துவிடுமே என்பதைக் குறித்தே எனக் கருத இடமுண்டு.

2012 டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் தேவசகாயத்திற்கு முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்திய இல்லறத்தாருள் இப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே. அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பெயரைத் திருச்சபை நீக்கிவிட்டது.

இந்நினைவிடங்களைக் காண விரும்புவோர் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் ஒரே நாளில் சென்று வரலாம். ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் இவ்வரண்மனையைக் கேரள அரசின் தொல்பொருள் துறையே பேணி வருகிறது. அருகில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. அதனுள் கூரையிழந்த ஆலயச் சுவர்களுக்கிடையே தெலனாயும் அவர் மனைவியும் மகனும் துயிலும் கல்லறைகள் உள்ளன. தெலனாயின் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவ்வூரிலேயே, தாகத்தால் தவித்த தேவசகாயம் முழங்கையால் முட்டியபோது நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறை. பிறகு பெருவிளை, கோட்டாறு, ஆரல்வாய்மொழி. காற்றாடிமலையில், அவர் இறந்தபோது உருண்டு விழுந்து மணிபோல் ஒலித்ததாகச் சொல்லப்படும் மணியடிச்சான் பாறை. வடமாநிலங்களிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் வரும் நம் மக்கள் பலர், காற்றாலைகள் சுழலும் அந்தக் கணவாயைச் சன்னல் வழியே பார்த்தவர்களே. அது ஒரு காலத்தில் நம்பிக்கையின் எல்லையாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்விடங்களின் பட்டியலை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வெற்றி பெற்ற சமயம் கோபுரங்களை விட்டுச்செல்கிறது. மறைவில் வாழ்ந்த சமயம் விட்டுச்செல்வது ஒரு பாறை, ஒரு மரம் நின்ற இடம், ஒரு சிறு சொரூபம், ஒரு கல்லறை, காட்டு மண் ஒரு பிடி. கட்டடம் கட்டினால் காட்டிக்கொடுக்கும். ஆதலால் அவர்கள் கட்டவில்லை. ஊர்ப்பெயரிலும் பாறைப்பெயரிலும் தங்கள் வரலாற்றை ஒளித்து வைத்தார்கள். பாறை மணிபோல் ஒலித்ததா என்பதை வரலாற்று ஆராய்ச்சி நிறுவ இயலாது. ஆனால் ஆலயமணி ஒலிக்க முடியாத ஒருவரின் சாவில் பாறையே மணியடித்தது என்று அம்மக்கள் சொல்லிக்கொண்டார்கள் என்பது வரலாறு. அந்தச் சொல்லில் அவர்களுடைய ஏக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆபத்து இப்போது வேறு வடிவில் இருக்கிறது. புகழ் பெருகப் பெருகத் திருத்தலங்களில் கூட்டம் பெருகுகிறது. கூட்டத்திற்கேற்பப் புதுக் கட்டடம் எழுகிறது. பளிங்கும் காரையும் பாறையை மூடிவிடக்கூடும். ஒளிந்து வாழ்ந்தவர்களின் எளிமை, அவர்களைப் போற்றுவோரின் செல்வத்தால் அழியக்கூடும். நாகசாகியில் பேரழகு வாய்ந்த ஆலயங்களோடு எளிய ஊர்களையும் தீவுகளையும் சேர்த்தே உலகச் சின்னங்களாக்கினர். அந்த முறையை நாமும் பின்பற்றுதல் நன்று. பாறை பாறையாகவும், பாழடைந்த சுவர் சுவராகவும் இருக்கட்டும். தமிழ் எழுத்து உள்ள கல்லறை மழையில் தேயாமல் காக்கப்படட்டும். முதியோர் நாவில் உள்ள பழைய ஜெபங்களும் ஊர்க்கதைகளும் அவர்களோடு மறையுமுன் எழுதி வைக்கப்படட்டும். மரபுச் செய்தியை மரபு என்றும், ஆவணச் செய்தியை ஆவணம் என்றும் பிரித்து எழுதினால் இரண்டுக்கும் மதிப்பு உண்டு.

பம்பாயிலோ தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் தமிழர் எச்சமயத்தவராயினும் இவ்வரலாற்றில் தமக்குரிய பங்கு ஒன்றைக் காணலாம். அவர்களுக்கு இன்று எவ்விதத் தடையும் இல்லை. ஆயினும் பள்ளியும் தெருவும் அலுவலகமும் வேறு மொழியில் இயங்கும் ஊரில், பாட்டி சொன்ன பாடலும் தாய் கற்பித்த வணக்கமும் வீட்டுக்குள்தான் உயிர் வாழ்கின்றன. யாழ்ப்பாணத்து அண்ணாவியாருக்குச் சம்பளம் இல்லை, பட்டம் இல்லை, அவர் பெயரைத் தோம்பு எழுதவும் இல்லை. மாலையில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து, தமக்குத் தெரிந்ததைத் தவறாமல் சொல்லிக்கொடுத்தார். நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு சபையைக் காத்தது அந்த வேலைதான். எதைக் காக்க விரும்பினாலும், அதற்கு வேண்டியது அவ்வளவே.